தோற்ற வழக்குக்கும் இலவச வக்கீல் உண்டா?

சென்ற மாதம் இந்தப் பகுதியில் இலவச சட்ட உதவி பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து. எல்லாவற்றிலும் அடியில் கிடக்கிற கேள்வி ஒன்றுதான்: கீழ்க்கோர்ட்டில் தோற்றாகிவிட்டது, அப்பீலுக்குப் போகக் கையில் காசில்லை, என்ன செய்வது? அதனால் இந்தத் தடவை பகுதி முழுவதும் குமரிக்காரர்களுக்கே. பெயர், வழக்கு எண், வீட்டு விலாசம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன், கேள்விகளையும் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: நான் அண்டி ஆபீசில் (முந்திரி ஆலையில்) வேலை பார்க்கிறேன், வீட்டுக்காரர் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறார். வீட்டுக்குப் போகிற வழி சம்பந்தமாக அயல்வீட்டுக்காரர் என் பேரில் போட்ட கேசில் குழித்துறை முன்சீப் கோர்ட்டில் எனக்கு எதிராகத் தீர்ப்பாகி மூன்று வாரம் ஆகிறது. அப்பீலுக்கு வக்கீல் 30,000 ரூபாய் கேட்கிறார். பழைய பாக்கியைத் தீர்க்காமல் கேஸ் கட்டையும் தரமாட்டாராம். ஒருமுறை தோற்றவர்களுக்கு அரசாங்கம் வக்கீல் கொடுக்குமா சார்? (அருமனைப் பக்கம்)

கொடுக்கும் அம்மா. ஆனால் மூன்று வாரம் ஆகிறது என்று சாவகாசமாக எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும்தான் எனக்குப் பதற்றம் வந்தது. முன்சீப் கோர்ட் தீர்ப்பை எதிர்த்து சப் கோர்ட்டில் அப்பீல் போட 30 நாள்தான் அவகாசம். இந்த இதழ் அச்சாகி உங்கள் கைக்கு வருவதற்குள் அது ஓடிவிடும் என்பதால் உங்களுக்குத் தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். இங்கே எழுதுவது உங்களைப் போல மற்றவர்களுக்காக.

முதல் வேலை வக்கீலைத் தேடுவது இல்லை, தீர்ப்பு நகலுக்கும், தீர்ப்பின் முடிவை மட்டும் சுருக்கிச் சொல்கிற டிக்ரி நகலுக்கும் மனுப் போடுவது. இதை யார் வேண்டுமானாலும் செய்யலாம், கட்சிக்காரரே போடலாம், செலவும் பெரிதாக ஆகாது. நகல் கேட்டு மனுப் போட்ட நாளிலிருந்து நகல் தயாராகிற நாள் வரைக்கும் ஆகிற காலத்தை அந்த 30 நாள் கணக்கில் சேர்க்காமல் கழித்துக்கொள்ளலாம் என்று காலவரையறைச் சட்டம் சொல்கிறது. நகல் கைக்கு வந்ததும் அதில் போட்டிருக்கிற முத்திரையைப் பாருங்கள். மனுப் போட்ட தேதி, கட்டணம் கேட்ட தேதி, நீங்கள் கட்டிய தேதி, நகல் தயாரான தேதி, கொடுத்த தேதி என்று வரிசையாக இருக்கும். கோர்ட் எடுத்துக்கொண்ட நாள் உங்கள் கணக்கில் சேராது, நீங்கள் பணம் கட்டாமல் இழுத்த நாளும் தயாரான பிறகு போய் வாங்காமல் விட்ட நாளும் உங்கள் தலையில்தான் விடியும். நகல் பிரிவில் ஒட்டுகிற பட்டியலை ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது போய்ப் பார்த்து வாருங்கள், வீட்டுக்குக் கடிதம் போட்டுக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்து கெட்டவர்கள் ஏராளம்.

நகல் மனுப் போட்ட அதே நாளில், அதே கோர்ட் வளாகத்தில் உள்ள வட்ட சட்டப்பணிகள் குழுவில் இலவச வக்கீல் கேட்டு எழுதிக் கொடுங்கள். அது முடியாவிட்டால் நாகர்கோவில் மாவட்ட கோர்ட் வளாகத்தில் இருக்கிற மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். படிவம் அங்கேயே கிடைக்கும், வெள்ளைத்தாளில் எழுதினாலும் சரி, எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் அங்கே எழுதிக்கொள்ள ஏற்பாடு உண்டு. ஆதார் நகல், தீர்ப்பு நகல் (வரவில்லை என்றால் நகல் மனுப் போட்டதற்கான சீட்டு), கையில் இருக்கிற கேஸ் காகிதங்கள், இவ்வளவு போதும். நீங்கள் பெண் என்பதால் வருமானக் கணக்கே தேவையில்லை. 1987-ம் வருஷத்து சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ம் பிரிவில் பெண்களும் குழந்தைகளும் தனியாகவே சொல்லப்பட்டிருக்கிறார்கள். தாலுகா ஆபீசில் வருமானச் சான்றிதழுக்காக அலைந்து 30 நாளில் பத்து நாளைத் தொலைத்துவிட்டு வருகிற பெண்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வரும். அவர்கள் மேல் இல்லை, அது வேண்டும் என்று சொல்லி அனுப்பினவர்கள் மேல்.

மனுக் கொடுத்ததும் வாங்கிக்கொண்டதற்குத் தேதியோடு முத்திரை போட்ட நகல் ஒன்று கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒருவேளை வக்கீல் நியமிப்பதற்குள் கெடு தாண்டிவிட்டால், தாமதத்தை மன்னிக்கச் சொல்லி அப்பீலோடு ஒரு மனு சேர்த்துப் போட வேண்டியிருக்கும். அப்போது 'நான் சும்மா இருக்கவில்லை, இன்ன தேதியில் உதவி கேட்டேன்' என்று காட்ட அந்தக் காகிதம்தான் இருக்கும்.

கட்டு விஷயம். பாக்கிக்காகக் கட்சிக்காரரின் கேஸ் கட்டை வக்கீல் பிடித்து வைத்துக்கொள்ள உரிமை கிடையாது என்று சுப்ரீம் கோர்ட் 2000-ம் ஆண்டிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. பீஸ் பாக்கி இருந்தால் அதைத் தனியாக வசூலித்துக்கொள்ள வேண்டும், கட்டைப் பணயமாக வைக்கக் கூடாது. எடுத்த எடுப்பில் சண்டைக்குப் போகாமல் ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். அதற்கும் தரவில்லை என்றால் சட்டப்பணிகள் செயலாளரிடம் சொல்லுங்கள், பெரும்பாலும் ஒரு போனிலேயே கட்டு வந்துவிடும். வராவிட்டாலும் குடி முழுகிவிடாது, கோர்ட் பதிவேட்டில் இருக்கிற எல்லாவற்றுக்கும் நகல் வாங்கலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதைப் பலர் கவனிப்பதில்லை. அப்பீல் போட்டதாலேயே தீர்ப்பு நின்றுவிடாது. எதிர்க்கட்சிக்காரர் தீர்ப்பை நிறைவேற்றச் சொல்லி மனுப் போட்டு, கோர்ட் ஊழியரான அமீனாவோடு வாசலில் வந்து நிற்கலாம். அப்பீலோடு தடை உத்தரவு கேட்டும் மனுப் போட்டிருக்கிறாரா என்று உங்கள் புது வக்கீலிடம் முதல் நாளே கேளுங்கள்.

கேள்வி: கடல் தொழில். மகனுக்கு மார்த்தாண்டத்தில் விபத்தாகி ஒரு கால் எடுத்துவிட்டார்கள். நஷ்ட ஈடு கேசில் கிடைத்த தொகை ஆஸ்பத்திரிச் செலவுக்கே காணாது. தீர்ப்பாகி நாலு மாதம் ஆகிறது. எனக்கு நிலையான வருமானம் கிடையாது, மீன் பட்டால் உண்டு, இல்லையென்றால் இல்லை. வருமானத்துக்கு எந்தக் காகிதத்தைக் காட்ட? (தூத்தூர்)

ஐயா, உங்கள் வருமானத்தைப் பார்க்கவே வேண்டியதில்லை. வழக்கு உங்கள் மகனுடையது, அவர் மாற்றுத்திறனாளி. அதே 12-ம் பிரிவில் மாற்றுத்திறனாளிக்கும் வருமான வரம்பில்லாமல் உதவி உண்டு. மகனுக்கு வாங்கி வைத்திருக்கிற ஊனமுற்றோர் சான்றிதழ் போதும்.

மற்ற மீனவர்களுக்காக வருமானத்தைப் பற்றியும் சொல்கிறேன். வருமானத்தை மட்டும் வைத்து உதவி கேட்கிறவர்களுக்குத் தமிழ்நாட்டில் வருஷத்துக்கு 3 லட்சம் ரூபாய் வரம்பு. அதை நிரூபிக்கச் சொந்தமாக எழுதிக் கொடுக்கிற உறுதிமொழிப் பத்திரமே போதும், அதில் பொய் இருக்கிறது என்று சந்தேகப்பட ஆணைக்குழுவுக்குக் காரணம் இருந்தால் ஒழிய வேறு கேட்க வேண்டியதில்லை என்று சட்டமே சொல்கிறது. சீசனில் படகுக்கு வந்த மொத்தத் தொகையை உங்கள் வருமானம் என்று நினைத்துப் பயப்படாதீர்கள், டீசலும் ஐசும் பங்கும் போக உங்கள் கையில் நின்றது எவ்வளவு என்பதுதான் கணக்கு.

இனி அப்பீல். வாகன விபத்துத் தீர்ப்பாயத்தின் உத்தரவை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குப் போக 90 நாள். உங்களுக்கு அது தாண்டிவிட்டது. ஆனாலும் போதுமான காரணம் சொன்னால் ஏற்றுக்கொள்ள உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது. மகன் ஆஸ்பத்திரியில் கிடந்த காலம், இரண்டாவது ஆபரேஷன், செயற்கைக் கால் பொருத்த அலைந்தது, எதற்கெல்லாம் சீட்டு இருக்கிறதோ எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்குங்கள். தாமதமான காலத்துக்கு வட்டி கிடையாது என்று நிபந்தனை போட்டு ஏற்றுக்கொள்வதும் உண்டு, அதற்கு மனசைத் தயார் பண்ணிக்கொள்ளுங்கள். தீர்ப்பான தொகையை இன்சூரன்ஸ் கம்பெனி கட்டியிருந்தால் அதை இப்போது வாங்குவதால் கூடுதல் கேட்கிற உரிமை போய்விடாது. வாங்கினால் அப்பீல் போச்சு என்று யாரோ கிளப்பிவிட்ட பேச்சு கடற்கரை முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கிறது போல, வேறு இரண்டு கடிதத்திலும் இதையே கேட்டிருந்தார்கள்.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். உங்களுக்கு வந்தது விசாரணை முடிந்த தீர்ப்பா, இல்லை மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடித்துக் கையெழுத்துப் போட்டதா? மக்கள் நீதிமன்றத்தில் முடிந்தது என்றால் அதற்கு அப்பீலே கிடையாது. கையெழுத்து வாங்குகிற அவசரத்தில் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

உயர் நீதிமன்றத்துக்காக மதுரைக்குப் போக வேண்டுமே என்று யோசிக்காதீர்கள். நாகர்கோவிலில் மனுக் கொடுத்தால் அங்கிருந்து மதுரைக் கிளையில் இருக்கிற உயர் நீதிமன்ற சட்டப்பணிகள் குழுவுக்கு அனுப்பி வைப்பார்கள். 2004 ஜூலையில் மதுரைக் கிளை திறக்கும் வரைக்கும் குமரிக்காரர்கள் இதற்கெல்லாம் ராத்திரி ரயில் ஏறிச் சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. சென்னையில் தங்குகிற செலவுக்குப் பயந்தே அப்பீலை விட்டவர்களைப் பழைய வக்கீல் குமாஸ்தாக்களிடம் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

கேள்வி: என் மகனுக்கு நாகர்கோவில் செஷன்ஸ் கோர்ட்டில் 10 வருஷம் போட்டுவிட்டார்கள். இப்போது பாளையங்கோட்டை ஜெயிலில் இருக்கிறான். இருந்த நகையெல்லாம் கீழ்க்கோர்ட்டுக்கே போய்விட்டது. ஜெயிலுக்குள் இருந்துகொண்டு அவன் எப்படி அப்பீல் போட முடியும்? (இரணியல்)

ஜெயிலுக்குள் இருந்தே போடலாம் அம்மா. காவலில் இருக்கிற யாருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. செஷன்ஸ் தண்டனையை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குப் போக 60 நாள். மகன் அப்பீல் மனுவை ஜெயில் அதிகாரியிடம் கொடுத்தால் அதை அவர் கோர்ட்டுக்கு அனுப்பியாக வேண்டும், அது அவர் இஷ்டம் இல்லை, சட்டம். சிறைக்குள்ளேயே சட்ட உதவி மையம் இருக்கும், வக்கீல்கள் வந்து போவார்கள். அடுத்த முறை மகனை ஜெயிலில் பார்க்கப் போகும்போது 'நகல் வந்ததா, கையெழுத்துப் போட்டு வாங்கினாயா, சட்ட உதவிக்கு எழுதிக் கொடுத்தாயா' என்ற மூன்றையும் கேளுங்கள். நீங்களும் வெளியே சும்மா இராமல் நாகர்கோவில் ஆணைக்குழுவில் அவன் பெயர், கைதி எண், தண்டனை தேதி சொல்லி ஒரு மனுக் கொடுத்து வையுங்கள். இரண்டு பக்கமும் தட்டினால் ஒரு பக்கமாவது திறக்கும்.

தண்டிக்கப்பட்டவருக்குத் தீர்ப்பு நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும். இந்த நகல் விஷயத்தில் 1978-ல் ஹோஸ்கோட் என்பவர் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னதை அழுத்திச் சொல்ல வேண்டும். அவருக்கு உயர் நீதிமன்றத்தில் தண்டனையாகி, சுப்ரீம் கோர்ட்டுக்கு வரவே நாலு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நகல் ஜெயிலுக்குப் போனது என்று அதிகாரிகள் சொன்னார்கள், என் கைக்கு வரவில்லை என்று அவர் சொன்னார், கொடுத்ததற்கு அவர் கையெழுத்து எங்கேயும் இல்லை. நீதிபதி கிருஷ்ணய்யர் அந்த வழக்கில்தான், நகலைக் கைதி கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும், வக்கீல் வைக்க வசதி இல்லாத கைதிக்கு அப்பீலுக்கும் அரசு செலவில் வக்கீல் வைக்க வேண்டும் என்று எழுதினார். வேடிக்கை என்னவென்றால் ஹோஸ்கோட்டின் சொந்த மனு தள்ளுபடியாகிவிட்டது. அவர் தோற்றுப் போன வழக்கில் பிறந்த உரிமையைத்தான் இன்றைக்கு உங்கள் மகன் கேட்கப் போகிறார்.

அப்பீலோடு தண்டனையை நிறுத்தி வைத்து ஜாமீன் கேட்கிற மனுவும் போடச் சொல்லுங்கள். 10 வருஷத் தண்டனையில் அது உடனே கிடைத்துவிடும் என்று நான் ஆசை காட்ட மாட்டேன், அப்பீல் விசாரணைக்கு வரத் தாமதமானால் மறுபடியும் கேட்கலாம்.

கேள்வி: இலவச வக்கீல் என்றால் ஏனோதானோ என்றுதான் நடத்துவார்கள் என்கிறார்களே? (தக்கலை)

முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன் தம்பி. ஆணைக்குழு கொடுக்கிற பீஸ் சந்தை விலைக்கு எட்டாது, அதனால் பத்தோடு பதினொன்றாக நடத்துகிறவர்களும் உண்டு. அதே பட்டியலில் பேருக்காகவும் மனசுக்காகவும் நன்றாக நடத்துகிறவர்களும் உண்டு. கிரிமினல் வழக்குகளுக்கு 2022-லிருந்து பல மாவட்டங்களில் முழுநேரச் சட்ட உதவி எதிர்வாத வக்கீல்களையே நியமித்திருக்கிறார்கள், அவர்கள் தனிப்பட்ட கேஸ் எடுக்கக் கூடாது என்பதால் கவனம் சிதறுவது குறைவு.

நான் பார்த்தவரைக்கும் இலவச வக்கீலிடம் வருகிற பெரிய குறை திறமைக் குறைவு இல்லை, பேச்சே இல்லாமல் போவதுதான். கட்சிக்காரர் கூச்சப்பட்டுக்கொண்டு போன் பண்ண மாட்டார், வக்கீலும் கூப்பிட மாட்டார், வாய்தா தேதி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். காசு கொடுத்த வக்கீலிடம் கேட்கிற அதே கேள்வியை இவரிடமும் கேளுங்கள். அப்பீலில் என்னென்ன காரணம் எழுதியிருக்கிறார் என்று தாக்கல் பண்ணுவதற்கு முன்னாலேயே படித்துக் காட்டச் சொல்லுங்கள். கீழ்க்கோர்ட் பார்க்காமல் விட்ட ஆவணம், நம்பாமல் விட்ட சாட்சி இரண்டும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். சரியில்லை என்றால் வக்கீலை மாற்றித் தரச் சொல்லிச் செயலாளரிடம் எழுதிக் கொடுக்கலாம். உங்களுக்கு உதவியே கிடையாது என்று மறுத்துவிட்டால் ஆணைக்குழுவின் தலைவரிடம் முறையிடலாம், மாவட்டத்தில் முதன்மை மாவட்ட நீதிபதிதான் தலைவர். அப்புறம், அந்த வக்கீல் டைப்பிங்குக்கு, பஸ்சுக்கு, குமாஸ்தாவுக்கு என்று எந்தப் பேரில் காசு கேட்டாலும் கொடுக்காதீர்கள். கோர்ட் பீஸ், நகல், டைப்பிங் எல்லாமே அந்த உதவியில் சேர்ந்தது.

கேள்வி: நான் அரசு ஊழியர். குடும்பச் சொத்தில் பாகப்பிரிவினை வழக்கில் தோற்றுவிட்டேன். என் மனைவி பெயரில் மனுப் போட்டு இலவச வக்கீல் வாங்கலாமா? (நாகர்கோவில்)

வழக்கில் உங்கள் மனைவி கட்சியே இல்லையே சார். போய் அந்த 30,000 ரூபாய் வக்கீலைப் பாருங்கள்.

கேள்வி: 68 வயது. தாத்தா காலத்து மலையாளப் பத்திரத்தை வைத்து 22 சென்ட் இடத்துக்கு வழக்கு. முன்சீப் கோர்ட்டிலும் தோற்றேன், அப்பீலில் சப் கோர்ட்டிலும் தோற்றேன். இனியும் போக முடியுமா? மலையாளத்தை மொழிபெயர்க்கவே பெரிய செலவாகும் என்கிறார்கள். (திருவட்டாறு)

போகலாம் ஐயா. மதுரைக் கிளையில் இரண்டாவது மேல்முறையீடு, 90 நாள். மொழிபெயர்ப்புச் செலவும் சட்ட உதவியில் அடங்கும், அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். 1956 நவம்பர் 1-ம் தேதி வரை திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்த இடம் இது, பழைய பத்திரம் மலையாளத்தில் இருப்பதில் மதுரையில் யாருக்கும் ஆச்சரியம் இருக்காது.

ஆனால் இரண்டாவது மேல்முறையீட்டில் 'அந்தச் சாட்சி பொய் சொன்னான், வேலி இங்கேதான் இருந்தது' என்று மறுபடியும் முதலிலிருந்து பேச முடியாது. முக்கியமான சட்டக் கேள்வி ஒன்று இருக்கிறது என்று காட்டினால்தான் எடுத்துக்கொள்வார்கள். உங்கள் கடிதத்தைப் படித்ததில் ஒரு இடம் கண்ணில் பட்டது: பத்திரத்தில் உள்ள ஒரு மலையாள வரிக்கு இரண்டு கோர்ட்டும் இரண்டு அர்த்தம் எடுத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உரிமைப் பத்திரம் ஒன்றைத் தவறாகப் பொருள் கொண்டால் அது சட்டக் கேள்வியாகலாம். வக்கீலிடம் வேறு எதைச் சொல்ல மறந்தாலும் இதைச் சொல்ல மறக்காதீர்கள், அந்த வரியைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு நகல் எடுத்துக்கொண்டு போங்கள். முகாந்திரம் இருக்கிறதா என்று ஆணைக்குழுவும் பார்த்துத்தான் வக்கீல் தரும், அதற்கும் இந்த வரிதான் உதவும்.

எனக்கு ஒரு சந்தேகம், கேட்டுவிடுகிறேன். எதிர்க்கட்சி உங்கள் தம்பி மகன் என்று எழுதியிருக்கிறீர்கள். 22 சென்டில் எத்தனை சென்டுக்கு உண்மையில் தகராறு? இரண்டு மூன்று சென்ட் என்றால் மேல்முறையீட்டைக் கெடுவுக்குள் போட்டுவிட்டு, சமரச மையத்துக்கு அனுப்பச் சொல்லியும் கேட்டுப் பாருங்கள். போடாமல் பேசப் போகாதீர்கள், பேச்சு இழுத்தால் 90 நாளும் போய்விடும்.

கேள்வி: குடும்ப நல கோர்ட்டில் எனக்கும் பிள்ளைக்கும் சேர்த்து மாதம் 3,000 ரூபாய் ஜீவனாம்சம் போட்டிருக்கிறார்கள். கூடுதல் கேட்டு அப்பீல் போகலாமா? (குளச்சல்)

குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி (2024 ஜூலையிலிருந்து அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாப்படி) போட்ட ஜீவனாம்ச மனு என்றால் அதற்கு அப்பீல் கிடையாது, உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மனுதான், 90 நாளுக்குள். அதற்கும் இலவச வக்கீல் கிடைக்கும், உங்களுக்கும் வருமானக் கணக்கு வேண்டாம். தீர்ப்புக்குப் பிறகு அவருடைய சம்பளம் ஏறியிருந்தாலோ பிள்ளையின் பள்ளிச் செலவு கூடியிருந்தாலோ மதுரைக்கே போக வேண்டாம், அதே கோர்ட்டில் தொகையை உயர்த்தக் கேட்டு மனுப் போடலாம். அதுதான் உங்களுக்குச் சுலபம் என்று தோன்றுகிறது. அவருடைய சம்பளச் சீட்டு கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு தரப்பும் சொத்து, வருமான விவரத்தை உறுதிமொழியாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவு போட்டிருக்கிறது. அவர் தாக்கல் பண்ணினாரா என்று கட்டைப் புரட்டிப் பாருங்கள்.

கேள்வி: கோர்ட்டுக்கு நேரில் போகப் பயமாக இருக்கிறது, போனில் கேட்க வழி உண்டா? (பூதப்பாண்டி)

சட்ட உதவிக்கான 15100 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள், காசு பிடிக்காது. தீர்ப்பு தேதியையும் எந்தக் கோர்ட் என்பதையும் கையில் எழுதி வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள், அவர்கள் முதலில் கேட்பது அதுவாகத்தான் இருக்கும்.